ஊர்ப் படப்பிடிப்பாளருக்கு நினைவு மலர் தொகுப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகின்றவர்களின் கையில் கல்வெட்டு எனப்படும் சிறு நினைவு நூல் ஒன்றைக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். முகப்பில் அமரரின் படம், உள்ளே விநாயகர் வணக்கம், திதி வெண்பா, வம்சாவளி, இரண்டு பக்க வாழ்க்கை வரலாறு, பஞ்சபுராணம், இறுதியில் நன்றி நவிலல் என்று அதன் ஒழுங்கு ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். சுண்ணாகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் படம் பிடித்தவரும், ஊர் முழுவதும் "ஸ்ரூடியோ அண்ணை" என்று அழைத்தவருமான என் பெரியப்பா காலமானபோது நாங்களும் அப்படி ஒன்றை அச்சிட்டோம். இன்று அதை எடுத்துப் பார்த்தால், ஓர் ஆசிரியருக்கோ வியாபாரிக்கோ எழுதியிருந்தாலும் அதில் ஒரு வரிகூட மாற வேண்டியிருந்திராது என்பது தெரிகிறது. அன்பானவர், பண்பானவர், கடவுள் பக்தி மிக்கவர் என்று எழுதியிருந்தோம். அவர் என்ன செய்தார் என்பதை எழுதவில்லை.

அந்தக் குறையை, முதலாண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு வெளியிட்ட நினைவு மலரில்தான் ஓரளவு தீர்த்துக்கொண்டோம். படப்பிடிப்பாளரின் வாழ்க்கை அவருடைய வீட்டில் இருப்பதைவிட மற்றவர்களின் சுவர்களிலும் அல்பங்களிலும் அலுமாரித் தட்டுகளிலுமே அதிகம் இருக்கிறது. அங்கே போய்த்தான் அதைத் தேட வேண்டும். ஆகவே 31ஆம் நாளுக்குச் சிறு கல்வெட்டோடு நிறுத்திக்கொண்டு, முழுமையான மலருக்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு கல்வெட்டின் பின்னட்டையில் ஒரு வேண்டுகோளை மட்டும் தவறாமல் அச்சிடுங்கள்: அவர் எடுத்த படம் உங்கள் வீட்டில் இருந்தால் அறியத்தாருங்கள், நாங்கள் வந்து பிரதி எடுத்துக்கொள்கிறோம், படத்தைக் கொண்டுபோகமாட்டோம். கடைசி வாக்கியம் மிக முக்கியமானது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் உடுப்புப் பையின் அடியில் வைத்துக் கொண்டுபோன வீடுகள் இவை. அப்படிக் காப்பாற்றிய படத்தை இரவல் கேட்பது முறையல்ல.

வீடுகளுக்குப் போவதற்கு முன்னர் ஸ்ரூடியோவைப் பூட்டி வையுங்கள். செத்தவீட்டுக்குப் பின்வரும் துப்புரவில்தான் அதிகம் அழிகிறது. விலைபோகும் கமராவையும் மின்குமிழ்களையும் எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். பழைய கொப்பிகளை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது அந்தக் கொப்பிகள்தான். பெரியப்பாவின் பதிவுக் கொப்பியில் ஒவ்வொரு வரியிலும் தொடர் இலக்கம், பெயர், படத்தின் அளவு, எத்தனை பிரதி, முற்பணம், மீதி, திகதி ஆகியவை இருந்தன. அதே இலக்கத்தை அவர் படத்தின் பின்புறத்தில் ஊதா மைப் பெயர் முத்திரைக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு வீட்டில் கிடைக்கும் படத்தைத் திருப்பிப் பார்த்தால் அது எந்த நாளில், யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைக் கொப்பி சொல்லிவிடும். சில வரிகளில் மீதிப் பணத்துக்கு நேரே சிறிய வட்டம் ஒன்று இருந்தது. அது என்ன என்று அவரிடம் வேலை பழகியவரிடம் கேட்டபோது, வாங்க வேண்டாம் என்று அவர் தீர்மானித்த கணக்குகள் அவை என்றார். கல்வெட்டில் நாங்கள் எழுதிய "இரக்க குணம் படைத்தவர்" என்ற தொடரை அந்த வட்டங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெகற்றிவ்களைக் கையாள்வதில் அவசரம் கூடாது. விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பருத்திக் கையுறை இருந்தால் நல்லது. பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால், அந்தப் பிலிமின் அசற்றேற்றுத் தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது அருகிலுள்ளவற்றின் சிதைவையும் விரைவுபடுத்துமாதலால் உடனே வேறாக்கி, முதலில் அவற்றையே பிரதி எடுங்கள். பிவிசி உறைகளில் போட வேண்டாம். அமிலமற்ற காகித உறையே பொருத்தமானது. எங்கள் ஊர் ஈரப்பதனுக்கு, நெல் மூட்டை அடுக்கும் அறையைவிடக் காற்றோட்டமுள்ள மேல் அலுமாரித் தட்டு நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பழைய நெகற்றிவில் முகத்தின்மேல் நுண்ணிய சாம்பல் நிறக் கீறல்கள் தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள். அவை அழுக்கல்ல. கூரிய பென்சிலால் நெகற்றிவில் கரி ஏற்றினால் அந்த இடம் ஒளியைத் தடுக்கும், படத்தில் அந்தப் பகுதி வெளிறும். அப்படித்தான் அம்மைத் தழும்புகளும் கண்ணின் கீழ்க் கருமையும் மறைக்கப்பட்டன. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அவருடைய பல மணி நேரக் கைவேலை போய்விடும்.

நெகற்றிவைப் பிரதி எடுக்க ஸ்கானர் இருந்தால் குறைந்தது 2400 டிபிஐ, காகிதப் படத்துக்கு 600 டிபிஐ வைத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் வெண்திரை காட்டும் டப்லெட் ஒன்றுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே நெகற்றிவைத் தாங்கிவைத்து, கைத்தொலைபேசியால் எடுத்து நிறத்தை எதிராக்கினாலும் பயன்படும். வீடுகளில் எடுக்கும்போது யன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம், தொலைபேசி படத்துக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். முன்புறத்தை எடுத்த உடனேயே பின்புறத்தையும் எடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பற்றி என் தவறைச் சொல்லியே ஆக வேண்டும். 1970களில் எடுத்த ஒரு கலியாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினால் தெளிவாகப் பிரதி எடுக்கலாம் என்று நினைத்து, வீட்டுக்கார ஆச்சியின் சம்மதத்தோடு மெல்ல இழுத்தேன். மாப்பிள்ளையின் தலைப்பாகை வரை நன்றாக வந்தது. பெண்ணின் கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஆச்சி என்னைக் கோபிக்கவில்லை, அதனாலேயே அது இன்னும் வலிக்கிறது. ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள். கறுப்புத் துணியில் தொலைபேசியின் அளவுக்கு ஒரு துளை வெட்டி, அதனூடாகக் கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். துணி பிரதிபலிப்பை மறைத்துவிடும்.

பிரதி எடுப்பது பாதி வேலைதான், மறுபாதி கேட்பது. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசன்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். படத்தைக் கையில் கொடுத்து, "இதுக்கு என்ன உடுப்பு உடுத்தனீங்கள்? ஆர் கூட்டிக்கொண்டு போனது? எடுக்கிறதுக்கு முதல் அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தைகளைப் பலர் அப்படியே நினைவில் வைத்திருந்தார்கள்: "நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ தங்கச்சி", "கண்ணை வெட்டாதேங்கோ", "இப்ப மூச்சை விடுங்கோ". கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வந்த பெண்பிள்ளைகளை அவர் முதலில் கண்ணாடிக்கு முன் தனியே இருக்கவிட்டு, பவுடரும் சீப்பும் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாராம். துணைக்கு வந்த சித்திமாரையும் ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே கூப்பிட்டுவிடுவாராம். அவருடைய கலைத்திறனைப் பற்றி நாங்கள் கேட்டறிந்தவற்றில் இதைவிடத் துல்லியமானது வேறில்லை. பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள், எழுதும்போது அவர்களுடைய மொழியைத் திருத்தாதீர்கள்.

ஆண்டு கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். நிகழ்வைக் கேளுங்கள். 1964 டிசெம்பர் புயலுக்கு முன்னரா பின்னரா, அடையாள அட்டை வந்த 1972இலா, 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னரா, நூலகம் எரிந்த 1981இலா, இந்திய இராணுவம் இருந்த காலத்திலா, ஏ9 பாதை திறந்த 2002க்குப் பின்னரா என்று கேட்டால் உடனே பதில் வரும். மின்சாரம் இல்லாதிருந்த 1990களின் முற்பகுதியைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். இருட்டறை யன்னலில் வெட்டிய சதுரத் துளையினூடாக வந்த வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, அந்த ஒளியிலேயே பெரியப்பா படங்களைப் பெருப்பித்தார் என்பதை, முகில் மூடும்போதெல்லாம் ஒளி படும் நேரத்தின் எண்ணிக்கையை நிறுத்திவைக்கும் வேலையைச் செய்த அவருடைய உதவியாளர் சொல்லித்தான் அறிந்தோம். வீட்டில் எங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

சில வீடுகளில் அவர் அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படம், பெருப்பிக்கப்பட்டு, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரே படமாகத் தாயின் கையில் இருக்கும். போராட்டங்களில் அந்தத் தாய்மார் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் படங்களில் எத்தனையோ இப்படி ஊர் ஸ்ரூடியோக்களில் எடுக்கப்பட்டவை. அத்தகைய வீட்டில் முதல் நாள் கமராவை வெளியே எடுக்காதீர்கள். தேநீர் குடியுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போங்கள். மலரில் போட அவர் சம்மதித்தாலும், எந்தப் பெயரில், எந்த வார்த்தைகளோடு என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வேண்டாமென்றால் அந்த நெகற்றிவைத் தேடி எடுத்து, ஒரு நல்ல பிரதி அச்சிட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். மலரில் இடம்பெறுவதைவிட அதுவே பெரிய நினைவு. திருமணமாகாத காலத்துப் பெண்களின் படங்களுக்கும் இயக்கத்தில் இருந்தவர்களின் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

முகப்புப் படத்துக்கு நீங்கள் அலைய வேண்டிவரும், ஏனெனில் படம் பிடிப்பவரின் படம் அரிது. உறவினர் கலியாணங்களில் பிறர் எடுத்தவற்றில் கமராவோடு ஓரமாக நிற்பார். பாடசாலைக் குழுப்படத்தின் முன்னால் அவருடைய நிழல் நீண்டு கிடக்கும். எங்களுக்கு முகப்புப் படம் 6×6 சென்ரிமீற்றர் நெகற்றிவ் ஒன்றில் கிடைத்தது. நெருக்கமாக எடுத்த ஒரு சிறுமியின் முகத்தைக் கணினியில் பெரிதாக்கியபோது, கண்மணியில் யன்னலின் வெள்ளைச் சதுரமும், அதன் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஒரு கறுப்பு உருவமும் தெரிந்தன. முகப்பில் அந்தச் சிறுமியின் முகத்தையும் உள்ளட்டையில் அந்தக் கண்ணையும் வைத்தோம். பெரியவர்கள் சிலர் அமரரின் படம் முகப்பில் இல்லை என்று குறைப்பட்டார்கள். அவர்களுக்காக அவருடைய அடையாள அட்டைப் படத்தை முதற்பக்கத்தில் சேர்த்தோம், அதுவும் நியாயமே.

பக்க ஒழுங்கைக் காலவரிசையில் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் படம், எதிர்ப்பக்கத்தில் அந்த வீட்டார் சொன்னது, அடியில் கொப்பி இலக்கமும் திகதியும் என்று போனால் வாழ்க்கை தானே விரியும். உரிமை பற்றி ஒரு சொல்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோனின் பொருளாதார உரிமைகள் பொதுவாக அவர் இறந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கும், ஆகவே வாரிசுகள் எல்லோருடைய இணக்கத்தையும் தொடக்கத்திலேயே பெற்றுவிடுங்கள்.

ஒரே இடத்தில் வைப்பதை நம்பாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்துபோன ஊர் இது. அச்சுப் பிரதிகளை, மீண்டும் கட்டப்பட்ட அந்த நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கொடுங்கள். 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன, மென்பிரதியை அங்கே அனுப்புங்கள். படம் தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மலரோடு, அவர்கள் படத்தின் புதிய பிரதியொன்றையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

திவசத்தன்று சாப்பாட்டுப் பந்திக்கு அருகில் ஒரு நீண்ட மேசை போட்டு, எவருடையவை என்று தெரியாத படங்களின் பிரதிகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வையுங்கள். வந்தவர்கள் கை கழுவிவிட்டு அங்கேதான் கூடுவார்கள். அன்றும் பெயர் கிடைக்காத படங்களை ஒரு பலகையில் குத்தி, சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்கும் மேசைக்கு மேலே மாட்டுங்கள். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.