ஸ்டார்லிங்கையும் சிட்டுக்குருவியையும் ஏர் ரைஃபிளால் கட்டுப்படுத்துவது: முதலில் கண், அப்புறம்தான் விரல்

வட அமெரிக்காவில், பொந்தில் கூடு கட்டும் சின்ன நீலப் பறவையான புளூபேர்டுக்காகக் கூட்டுப்பெட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) பக்கம் வருகிறார்கள். ஒருநாள் பெட்டியைத் திறந்தால் தாய்ப்பறவை மண்டை கொத்தப்பட்டுக் கிடக்கும், அதன் மேலேயே புல்லைப் பரப்பிச் சிட்டுக்குருவி கூடு கட்ட ஆரம்பித்திருக்கும். பார்க்கச் சாது, பொந்து என்று வந்துவிட்டால் ஆளே வேறு. மைனா குடும்பத்துப் பறவையான ஸ்டார்லிங்கும் பொந்தைப் பறிப்பதில் சளைத்ததல்ல. இரண்டுமே அங்கே மனிதன் கொண்டுபோய் விட்டவை: சிட்டுக்குருவி 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில், ஸ்டார்லிங் 1890-91இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நூறு போல.

சட்டத்தை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் ஸ்டார்லிங், சிட்டுக்குருவி, மாடப்புறா மூன்றையும் பாதுகாப்பதில்லை. ஆனால் ஊர் எல்லைக்குள் ஏர் கன் சுடலாமா, அதற்கு உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் மாறும். அங்கே உள்ள விதியை அப்படியே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. பிரிட்டனில் ஸ்டார்லிங் அருகிவரும் மண்ணின் பறவை, பாதுகாக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மைனா வந்தேறிதான், ஆனால் ஏர் ரைஃபிளுக்கே உரிமம் வேண்டும்.

அடையாளம் காண்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கறுப்பாகப் பளபளக்கும் எல்லாமே ஸ்டார்லிங் இல்லை. கிராக்கிள், கௌபேர்ட், சிவப்புத்தோள் பிளாக்பேர்ட் எல்லாம் வட அமெரிக்க மண்ணின் பறவைகள், தொடக்கூடாது. ஸ்டார்லிங்குக்கு வால் கட்டை, அலகு நீண்டு கூராக இருக்கும், கூடு கட்டும் பருவத்தில் அந்த அலகு மஞ்சளாகிவிடும். புல்தரையில் தத்தாமல் மனுஷன் மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து நடக்கும், அதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இளசுகள் மட்டும் வெறும் சாம்பல் பழுப்பு, ஏமாற்றிவிடும். சிட்டுக்குருவியில் ஆண் சுலபம்: தொண்டையில் கறுப்புத் திட்டு, உச்சந்தலை சாம்பல், பின்கழுத்து செம்பழுப்பு. பெண்ணை அங்குள்ள மற்ற குருவிகளிலிருந்து பிரிப்பது பழகிய கண்ணுக்கே சிரமம், அதனால் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். எப்படியும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிப்பது ஆண்தான். கூட்டை மட்டும் கலைத்து ஆணை விட்டுவைத்தால், அது கோபத்தில் பக்கத்துப் பெட்டிகளைப் போய்த் தாக்கும் என்பது பெட்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார்.

ஸ்டார்லிங்குக்கு மட்டும் என்றால் துப்பாக்கியே தேவைப்படாமல் போகலாம். பெட்டியின் துளையை 38 மில்லிமீட்டராக வைத்தால் அது நுழையாது. சிட்டுக்குருவி நுழைந்துவிடும், அதுதான் சிக்கல்.

சரி, துப்பாக்கி. 16 ஜூல் வேகத்திறன் உள்ள, 4.5 மி.மீ. குழல் விட்டமுள்ள ரைஃபிள் இந்த இரண்டுக்கும் தாராளம், மாடப்புறாவும் உண்டென்றால் 5.5 வாங்கலாம். குண்டுக்கு உருண்டைத்தலை ஈய பெல்லட் போதும். பிபி எனப்படும் உருண்டையான இரும்புக் குண்டு வேண்டவே வேண்டாம், கடினமான எதில் பட்டாலும் துள்ளித் திரும்பி வரும். சுருள்வில்லால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, உள்ளங்கையில் சும்மா உட்காரவிட்டால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். ஸ்பிரிங் முன்னும் பின்னுமாக உதைக்கிற உதையில் சாதாரண ஸ்கோப் சீக்கிரம் உள்ளே ஆடிப்போகும்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கோப்பை 20 மீட்டருக்குச் சரிசெய்துவிட்டு, பெருமையாக 6 மீட்டரில் குறி வைத்தேன். இவ்வளவு கிட்டத்தில் தவறுமா என்ன? குண்டு ஓர் அங்குலம் கீழே போனது. ஸ்கோப் குழலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தில் குண்டு இன்னும் பார்வைக்கோட்டுக்கு ஏறி வந்திருக்காது. நல்லவேளை, அட்டையில் சுட்டுப் பார்த்ததோடு போயிற்று. ஆகவே 5, 10, 15, 20 மீட்டர் என்று ஒவ்வொரு தூரத்திலும் ஐந்து குண்டு சுட்டு, எங்கே படுகிறது என்று எழுதி துப்பாக்கியின் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐந்தும் ஒரு சின்ன நாணயத்துக்குள் அடங்குகிற தூரம்தான் உங்கள் எல்லை, அதற்கு மேல் ஓரடி கூட வேண்டாம்.

இடம் பார்க்கும்போது பறவையை விட அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் கூடப் போகும். கம்பி மேலும் கூரை உச்சியிலும் வானத்தைப் பின்னணியாக வைத்து உட்கார்ந்திருக்கிற பறவை எவ்வளவு ஆசை காட்டினாலும் சுடாதீர்கள். பெட்டி மேல் இருக்கும்போதும் வேண்டாம், உள்ளே வேறு பறவை இருக்கலாம். பெட்டிக்குப் பக்கத்தில் மண்மேடு பின்னால் வருகிற மாதிரி ஒரு குச்சியை நட்டுவிட்டால், கூடு கட்ட வருகிற ஆண் அதில் உட்காரப் பழகிவிடும். நீங்கள் முன்கூட்டியே போய் ஆடாமல் அசையாமல் காத்திருக்க வேண்டும். ஸ்டார்லிங் இதில் கெட்டிக்காரப் பறவை, ஒருமுறை தப்பித்தால் உங்கள் தலை தெரிந்தாலே பறந்துவிடும்.

பறவை நின்று நிலையாகும் வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். தலை அல்லது மார்பின் மேற்பகுதி, வேறெங்கும் இல்லை. பறக்கும்போது கிடையாது, கூட்டமாக இருக்கும்போதும் கிடையாது. அடிபட்டு விழுந்து துடித்தால் உடனே போய் முடித்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கொடுமை. குஞ்சு பொரித்துவிட்ட பிறகு தாய் தந்தையைச் சுட்டால் உள்ளே குஞ்சுகள் பட்டினியில் சாகும், அதனால் கூடு கட்டத் தொடங்கும்போதே வேலையை முடிப்பதுதான் நல்லது.

விழுந்ததைப் புல்லில் விட்டுவிட்டு வராதீர்கள். உடம்பில் ஈயம் இருக்கும், அதைத் தின்னும் பருந்துக்கும் பூனைக்கும் அது விஷம். கையுறை போட்டு எடுத்து, காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருக்கிறதா பாருங்கள், பை ஒன்றில் கட்டி மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். பெல்லட் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் வைக்க வேண்டும்.