பிரேக் எஸ்டிமேட்டைப் பிரித்துப் படிப்பது எப்படி: என் பழைய பி.எம்.டபிள்யூ கணக்கு

எஸ்டிமேட்டில் ஒன்பது வரி இருந்தது. கூட்டினால் 1,10,750 ரூபாய். நான் தொழிலால் ஆடிட்டர். அடுத்தவர் பில்லை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது. சொந்த பில் என்று வந்ததும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து மலைத்துக் கையெழுத்துப் போடப் போனேன். பேனா எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் புத்தி வந்தது.

கார் 2015 மாடல் 320டி, எஃப்30 என்று சொல்கிற தலைமுறை. 2021-ல் 51,000 கிலோமீட்டரில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 2024 ஜனவரியில் ஏற்காடு போய்த் திரும்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் டிரைவ் மோடிலேயே, பிரேக்கை மிதித்தபடியே இறங்கினார் என் கணவர். பாதி மலையில் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. சேலம் வருவதற்குள் பிரேக் எச்சரிக்கையும் வந்துவிட்டது. (ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் மலை இறங்கும்போது கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ போடலாம். இப்போது அவரும் அப்படித்தான் இறங்குகிறார்.)

சென்னை திரும்பியதும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டோம். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. அதை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். பேட் தேய்ந்ததைச் சொல்வது சென்சார்.) அவர்கள் கொடுத்த கணக்கு, ஜி.எஸ்.டி. சேர்த்து, இது: முன் பேட் செட் 19,800. முன் டிஸ்க் ஒன்று 14,200 வீதம் இரண்டுக்கு 28,400. முன் சென்சார் 2,900. பின் பேட் செட் 15,600. பின் டிஸ்க் ஒன்று 11,300 வீதம் 22,600. பின் சென்சார் 2,900. பிரேக் ஆயில் 2,400. லேபர் 14,500. கிளீனர், இதர சாமான் 1,650.

இதில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. நாலு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் தேவையா என்பதுதான் கேள்வி. அதற்கு யாரும் அளந்து பதில் சொல்லவில்லை.

முதலில் பில்லை முன், பின் என்று இரண்டாகக் கிழித்துவிடுங்கள். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். முன்னும் பின்னும் ஒரே நாளில் தேய்ந்து முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பி.எம்.டபிள்யூவில் இதைக் காரே சொல்லும்: திரையில் சர்வீஸ் பகுதிக்குப் போனால் முன் பிரேக்குக்கு எத்தனை கிலோமீட்டர் மிச்சம், பின் பிரேக்குக்கு எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும். என் காரில் முன்னால் சிவப்பு. பின்னால் 11,000 மிச்சம் என்று இருந்தது. அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, காரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரை சொல்வது கணிப்பு. கணக்கை முடிவு செய்ய அளவு வேண்டும். கொட்டிவாக்கத்தில் ஜெர்மன் கார் மட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சக்கரத்தைக் கழற்றி, தடிமன் அளக்கிற வெர்னியர் கருவியை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே பாருங்க மேடம்" என்றார். டிஸ்க்கின் மேல் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். துரு படிந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். என் முன் டிஸ்க்கில் 22.4 என்று இருந்தது. புதிதில் அது 24 மி.மீ. ஆனால் வெர்னியரை அப்படியே வைத்தால் ஏமாந்துபோவீர்கள். பேட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும், வெர்னியர் அதில் உட்கார்ந்து அதிகமாகக் காட்டும். அவர் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, அவற்றின் தடிமனை முதலில் அளந்தார். அப்புறம் டிஸ்க் தேய்ந்த பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து மொத்தத்தையும் அளந்து, நாணயக் கணக்கைக் கழித்தார். நாலைந்து இடங்களில் பார்த்ததில் குறைந்தது 22.1 வந்தது. ஆக, முன் டிஸ்க் போய்விட்டது. பேட்டில் 3 மி.மீ.தான் மிச்சம். அதுவும் போயிற்று.

பின்னால் டிஸ்க் 19.2 இருந்தது. அதன் எல்லை 18.4. பேட்டில் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. எஸ்டிமேட்டில் 41,100 ரூபாய்ச் சாமான் அந்த ஒரு நிமிஷத்தில் தள்ளிப்போனது. தள்ளிப்போனது என்றுதான் சொல்கிறேன், மிச்சமானது என்று சொல்லவில்லை.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கினால் என்ன என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. அம்பத்தூரில் சொந்தக்காரர் பட்டறை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24-லிருந்து 22.4 வரை மொத்தமே 1.6 மி.மீ., பக்கத்துக்கு 0.8. சீவிய பிறகும் எல்லைக்கு மேலே நிற்க வேண்டும். அதோடு அடுத்த செட் பேட் முடியும்வரை தேய்வதற்கும் இடம் இருக்க வேண்டும். இந்த மாதிரி டிஸ்க்கில் சீவ இடமே இல்லை. தடிமன் குறைந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும். மலையில் அதுதான் முதலில் கைவிடும்.

அடுத்தது சாமான் வாங்குவது. ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போகும் முன் சேசிஸ் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். பி.எம்.டபிள்யூவுக்குக் கடைசி ஏழு எழுத்து போதும், பார்ட் நம்பர் வந்துவிடும். "320டி பிரேக் பேட்" என்று மட்டும் கேட்டால் தப்பான சாமான் வரலாம். என் காருக்கு முன் டிஸ்க் 312 மி.மீ. அதே எஃப்30 வரிசையில் நீலக் காலிபர் (பேட்டைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) போட்ட எம் ஸ்போர்ட் பிரேக்குக்கு 340. பேட்டும் வேறு, விலையும் வேறு.

விலை கேட்கும்போது ஒரு விஷயம். பேட் செட் என்றால் ஒரு ஆக்சிலுக்கு, அதாவது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு பேட். டிஸ்க்கை மட்டும் சிலர் ஒன்றின் விலையைச் சொல்வார்கள், சிலர் ஜோடி விலையைச் சொல்வார்கள். ஒரு கடையில் பாதி விலை என்று சந்தோஷப்பட்டு, பிறகு அது ஒன்றுக்குத்தான் என்று தெரிந்து முகம் தொங்கிப்போனது எனக்கு.

கார் கம்பெனிப் பெட்டியில் வருவதுதான் ஒரிஜினல், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் கார் கம்பெனிகளுக்குப் பேட் செய்து கொடுப்பவர்களே டெக்ஸ்டார், ஜூரிட், ஏடிஇ போன்றவர்கள்தான். அவர்கள் தங்கள் பெயர் போட்ட பெட்டியிலும் விற்கிறார்கள். நான் வாங்கியது டெக்ஸ்டார் பேட் 7,900. பிரெம்போ டிஸ்க் ஜோடி 17,600, பூச்சு பூசியது. எங்கள் வீடு திருவான்மியூரில், கடல் காற்று நேராக அடிக்கும். பூச்சு இல்லாத டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி புடைத்திருக்கும் பகுதி ஒரே மழைக்காலத்தில் ஆரஞ்சுக் கலராகிவிடும். பெட்டியில் பெயரே இல்லாத பேட் 2,200-க்கும் கிடைத்தது. அதைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

சென்சாரை விட்டுவிடாதீர்கள். பி.எம்.டபிள்யூவில் ஆக்சிலுக்கு ஒன்று: முன்னால் இடது சக்கரம், பின்னால் வலது சக்கரம். பேட்டோடு சேர்ந்து தேய்கிற ஒயர் அது. ஒருமுறை அறுந்தால் அவ்வளவுதான். புதிது போடாமல் ரீசெட் செய்தால் காரின் கம்ப்யூட்டர் ஏற்காது. 1,450 ரூபாய். டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவும் இரண்டு வாங்கினேன், 180 ரூபாய். பழைய ஸ்க்ரூ துருப்பிடித்து ஆலன் கீயில் வழுக்கும், டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும் என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒன்று அப்படியேதான் ஆனது.

லேபர் 2,500, முன் ஆக்சிலுக்கு. பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, எனக்கு அந்தக் கெடு தாண்டியிருந்தது. அதற்கு ஆயில் 1,100, கூலி 800. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டே விஷயத்தைப் பாருங்கள். புது டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தைத் துரு இல்லாமல் தேய்க்கிறார்களா என்பது ஒன்று. அங்கே ஒரு செதில் துரு இருந்தால்கூட டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய உதறல் திரும்பி வரும். காலிபரை ஒயர் கட்டித் தொங்கவிடுகிறார்களா, பிரேக் ஆயில் போகிற ஹோஸிலேயே தொங்குகிறதா என்பது மற்றொன்று. ஹோஸில் தொங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மொத்தம் 31,530 ரூபாய். பின் பேட்டும் சென்சாரும் 2025 பிப்ரவரியில் மாற்றினேன், 13,000 கிலோமீட்டர் கழித்து: பேட் 5,900, சென்சார் 1,450, கூலி 1,500. பின் டிஸ்க் இன்னும் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. இந்த விலையெல்லாம் உதிரி பாகத்துக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தபோது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. பழைய எஸ்டிமேட்டைக் கையில் வைத்துப் பேரம் பேசுகிறவர்கள் இதையும் கேளுங்கள்.

இந்தக் கணக்கை எல்லாச் சொகுசுக் காருக்கும் அப்படியே பொருத்த முடியாது. என் காரில் ஹேண்ட் பிரேக் பழைய லீவர்தான், பின் டிஸ்க்குக்குள்ளே சின்ன டிரம்மாக ஒளிந்திருக்கிறது. பின் காலிபரிலேயே எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் மோட்டார் இருக்கும் ஆடி மாதிரி கார்களில், ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோன பிறகுதான் பேட்டை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் தள்ளினால் மோட்டார் செலவு தனியாக வரும். 2000-களின் முற்பகுதி மெர்சிடிஸ் இ கிளாஸில் எஸ்.பி.சி. என்ற எலக்ட்ரானிக் பிரேக் உண்டு. அதை முதலில் முடக்காமல் கை வைத்தால் அது தானாக அழுத்தி விரலை நசுக்கிவிடும். போர்ஷேயில் மஞ்சள் காலிபர் தெரிந்தால் உள்ளே பெரும்பாலும் செராமிக் டிஸ்க். அந்தக் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர், டிஸ்க்கின் நிலைமையை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. அங்கே செலவு லட்சத்தில் ஓடும்.

பணம் கொடுக்கும் முன் இன்னொரு இடமும் பாருங்கள். பி.எம்.டபிள்யூவின் சர்வீஸ் இன்க்ளூசிவ் பிளஸ் பேக்கேஜில் பேட், டிஸ்க் இரண்டும் அடங்கும். கார் கைமாறினாலும் பேக்கேஜ் காரோடு போகும். எனக்கு அது முன்பே முடிந்திருந்தது. இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். ஓடி ஓடித் தேய்ந்த பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் யாரும் பணம் தரமாட்டார்கள்.

வேலை முடிந்து கார் நகரும் முன், நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கிவிட வேண்டும். காலிபர் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும் என்பதற்காக, மறுநாள் காலை ஐந்தரைக்கு ஈ.சி.ஆரில் காலி ரோட்டில் அறுபதிலிருந்து இருபதுக்கு நிதானமாகப் பத்து முறை குறைத்தேன். நடுநடுவே ஆறவிட்டேன், எங்கும் முழுசாக நிறுத்தவில்லை. அப்புறம் முந்நூறு கிலோமீட்டர் முரட்டு பிரேக் இல்லாமல் ஓட்டினேன்.

பழைய சாமானைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து பதினைந்து கிலோ பக்கம் இருந்தது. தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் 420 ரூபாய் கொடுத்தார். வரவில் எழுதிவிட்டேன். ஆக நிகரச் செலவு 31,110.