‘தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’: திருப்பூருக்கு வேலைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்தவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "தீபாவளிக்கு ஊருக்குப் போவோம்ல, அப்பப் பார்த்துக்கலாம்."

எங்கள் சித்தப்பாவும் இதைத்தான் சொன்னார். துணி வெட்டும் கட்டிங் பிரிவில் வேலை. ஆடியில் தொடங்கிய இருமலைப் பஞ்சுத் தூசி என்று விட்டுவிட்டார். ஐப்பசியில் ஊருக்கு வந்து இறங்கியபோது சட்டை தோளில் தொங்கியது. காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். ஆனால் ஒரே அறையில் அவரோடு படுத்த நான்கு பேரையும் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. அப்புறம் அந்தக் கிருமி சாதாரண மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு ஓய்வெடுக்கும் நாட்களுக்கு, வருஷத்துக்கு 91 நாள் வரை, 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். பலர் பிடித்தத்தை மட்டும் பார்த்துவிட்டு தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக்கூடக் கேட்டு வாங்குவதில்லை. கேளுங்கள்.

பெண்களிடம் நான் பார்க்கும் பெரிய தவறு, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. எங்கள் லைன் வீட்டில் ஒரு அக்கா, தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறார். காலையில் நிரப்பிக்கொண்டு போகிற பாட்டில், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதுக்கு மேல் வரும்போது பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். "குடிச்சா போகணும், போனா சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்கணும்" என்பார். கழிப்பறையும் சுத்தமாக இருக்காது. இது அவருடைய தப்பு இல்லை. ஆனால் நீர்க்கடுப்பும் கிட்னிக் கல்லும் அவருக்குத்தானே வருகிறது? டீ விடும்போதாவது கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கழிப்பறையைக் கழுவி வைக்கச் சொல்லவும் முடியும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அந்த அக்காவே இடுப்பு வலிக்கு மெடிக்கலில் "ஒரு செட்" வாங்கிப் போட்டுக்கொள்வார். சின்னக் காகிதக் கவரில் பெயர் தெரியாத மூன்று மாத்திரை. வலி நின்று மறுநாளும் ஷிப்டுக்குப் போய்விடலாம். வெறும் வயிற்றில் வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் குடல் புண்ணாகும். தண்ணீரும் குறைவாகக் குடிப்பவர்களுக்குக் கிட்னியே பழுதாகலாம். வலி ஒரு வாரம் நீடித்தால் மாத்திரையை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். தனியாகத் தங்கும் பையன்கள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பதினோரு மணி டீயையும் பஜ்ஜியையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஐந்து குடித்தால் சர்க்கரை மட்டும் கிட்டத்தட்ட 50 கிராம். அறையில் இரவே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர், வெங்காயத்தோடு பழைய சோறு தயார். அரிசி விலையை நினைத்துத் தயங்க வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து ஊர் ரேஷன் கார்டை வைத்தே திருப்பூர்க் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். அதே கார்டில் ஊரில் அப்பா, அம்மா அரிசி வாங்குகிறார்களா என்று மட்டும் முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.