மாவட்ட வறுமைக் கணக்கை வாசிக்கும் முறை

பாடசாலைச் செயற்றிட்டம் எழுதும் மாணவர், நிவாரணத்தை எங்கே அனுப்புவதென்று கூடிப் பேசும் கோவில் அல்லது பள்ளிவாசல் சபையினர், செய்திக் கட்டுரை எழுதுபவர் என்று கொழும்பில் பலரும் நாட்டின் செல்வத்தையும் வறுமையையும் பற்றிப் பேசத் தொடங்கும்போது முதலில் கையில் எடுப்பது மாவட்டங்களை வரிசைப்படுத்திய ஓர் அட்டவணையைத்தான். அதை எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதிலுள்ள ஓர் எண்ணை எழுதுவதற்கு முன், அது எந்த ஆண்டுக்குரியது, எந்த வறுமைக் கோட்டை வைத்து அளக்கப்பட்டது, எவ்வளவு பேரை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டது என்ற மூன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கோட்டிலிருந்து தொடங்குவது நல்லது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீடுகளின் வருமானத்தையும் செலவினத்தையும் பற்றி நடத்தும் ஆய்வில், ஒருவருக்கு மாதமொன்றுக்கு எவ்வளவு நுகர்வுச் செலவு ஆகிறது என்று பார்த்து, அது கோட்டுக்குக் கீழே இருந்தால் அவரை வறியவர் என்று கணக்கிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு ஆய்வு நாட்டின் வறுமையை 4.1 சதவீதம் என்றது. 2019ஆம் ஆண்டு ஆய்வு 14.3 சதவீதம் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூன்றே ஆண்டில் வறுமை மும்மடங்கானது என்று எழுதிவிடக்கூடாது. முந்தைய எண்ணுக்குப் பின்னால் இருந்த கோடு 4,166 ரூபா. பிந்தையதற்கு மக்களின் அண்மைக்கால நுகர்வுப் பழக்கத்தைக் கொண்டு புதிதாக வகுத்த கோடு, 6,966 ரூபா. விலைவாசி ஏறியது அந்த உயர்வில் ஒரு பகுதிதான்; அளவுகோலே மாறியதுதான் முதன்மையான காரணம். ஆகவே ஒரே கோட்டால் அளந்த எண்களை மட்டுமே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது வீதமும் தொகையும். 2019ஆம் ஆண்டு ஆய்வில் வறுமை வீதம் மிகக் கூடிய மாவட்டம் முல்லைத்தீவு, 44.5 சதவீதம், மிகக் குறைந்தது கொழும்பு, 2.3 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் படிக்கும் எவரும் கொழும்பில் வறியவர்களே இல்லை என்ற எண்ணத்துக்கு வந்துவிடுவார். ஒரு சிறு பெருக்கல் செய்து பாருங்கள். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி முல்லைத்தீவின் சனத்தொகை சுமார் 92,000; கொழும்பு மாவட்டத்தினது 23 இலட்சத்துக்குச் சற்று மேல். அந்தச் சனத்தொகையை வைத்துப் பெருக்கினால் முல்லைத்தீவில் ஏறத்தாழ 41,000 பேரும் கொழும்பில் 53,000 பேரும் வறியவர்களாக வருகிறார்கள். எந்த ஊரில் பக்கத்து வீட்டாரும் உதவ முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்பதை வீதம் சொல்கிறது. எத்தனை பேருக்கு உணவுப் பொதி வேண்டும் என்பதைத் தொகைதான் சொல்கிறது. முல்லைத்தீவுக்கு அனுப்புவதா, கொழும்பின் முகத்துவாரத்துக்குக் கொடுப்பதா என்று விவாதிக்கும் சபை இவ்விரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு பேசுவதே முறை.

மாவட்டம் என்ற அலகையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில் நகரத்துறையின் வறுமை 6.0 சதவீதம், கிராமியத்துறையினது 15.0 சதவீதம், தேயிலை போன்ற பெருந்தோட்டங்களைக் கொண்ட தோட்டத்துறையினது 33.8 சதவீதம். நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ ஒரே எண்ணைச் சொல்லும்போது, நகரத்துக் கடை முதலாளியும் மரக்கறித் தோட்டக்காரரும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருப்பவரும் ஒரே வரியில் கரைந்துபோகிறார்கள். தோட்டத்து வருமானத்தைக் கணக்கிடுபவர்கள் வழமையாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று அறிவிக்கப்பட்டதைப் பார்த்து, அதை இருபத்தைந்து நாளால் பெருக்கி மாத வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். குறித்த கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்காத நாளில் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள் என்பதும், மழைக்காலத்திலும் கொழுந்து குறைந்த மாதங்களிலும் வேலை நாளே குறையும் என்பதும், பிடிப்பனவுகள் போகத்தான் கைக்கு வரும் என்பதும் அந்தப் பெருக்கலில் வருவதில்லை. ஆகையால் அறிவித்த சம்பளத்தைக் கேட்காமல் சம்பளத் துண்டைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கல்ல, கொழுந்து கூடிய மாதத்துக்கு ஒன்றும் குறைந்த மாதத்துக்கு ஒன்றுமாகக் கேளுங்கள்.

கொழும்புக்குள்ளேயும் இதே கவனம் வேண்டும். வனாத்தமுல்லை, தெமட்டகொடைப் பக்கத்துப் பலகை வீடுகளிலிருந்து அரசாங்கத் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர், வீட்டுக்குள் மலசலகூடம், சீமெந்துச் சுவர் என்று வாழ்க்கைத்தரக் கேள்விக்கொத்தின் கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும். ஆனால் தெருவோர வாசலில் அதிகாலையில் இடியப்பம் அவித்து விற்ற ஒரு பெண் பத்தாம் மாடிக்குப் போனதும், லிஃப்ட் ஏறி அங்கே வந்து இடியப்பம் வாங்குவோர் யார்? அதேநேரம் பராமரிப்புக் கட்டணமும் தண்ணீர், மின்சாரப் பட்டியல்களும் மாதாமாதம் காசாகவே கட்ட வேண்டியவையாகின்றன. வீடு முன்னேறிவிட்டது என்பதும் உண்மை, பிழைப்பு போய்விட்டது என்பதும் உண்மை. இவற்றுள் ஒன்றை மட்டும் எழுதும் அறிக்கை அந்தப் பெண்ணுக்கு அநீதி செய்கிறது என்றே நான் கருதுகிறேன். வீட்டு வசதியைக் கேட்கும் அதே நாளில், மாதத்தில் கட்டாயம் கட்ட வேண்டிய பட்டியல்கள் எவை என்பதையும், இடம் மாறுவதற்கு முன் என்ன தொழில், இப்போது என்ன தொழில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காசுக்கு அப்பாற்பட்ட வறுமையை அளக்கச் சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய பரிமாணங்களைச் சேர்த்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அந்த முறையில் கணக்கிட்டபோது நாட்டு மக்களில் 16.0 சதவீதத்தினர் வறியவர்கள். இலவச வைத்தியம் உள்ள நாட்டில் வைத்தியச் செலவு குறைவாகத் தெரியும் என்பதால், தூரத்தையும் கணக்கில் எடுங்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் கிளினிக் நாள் குறிக்கப்பட்ட முல்லைத்தீவு நோயாளிக்குச் சிகிச்சை இலவசம்தான். பஸ் காசும் கூடப் போகும் மகனின் ஒருநாள் கூலியும் இலவசமல்ல.

ஆண்டைக் கடைசியாகச் சொன்னாலும் அதன் முக்கியம் குறைவல்ல. மேலே கண்ட மாவட்ட எண்கள் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்கு முந்தியவை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டது. அதன் பின் ஒரு நபருக்கான வறுமைக் கோடே மாதம் 16,000 ரூபாவைக் கடந்தது. 2019ஆம் ஆண்டு எண்ணை இன்றைய நிலை என்று எழுதாமல், எந்த மாவட்டம் எதைவிடப் பின்தங்கியிருந்தது என்ற வரிசைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு பெறுவோரின் தொகையையும் வறியவர்களின் தொகை என்று கொள்ளலாகாது. விண்ணப்பிக்காதவரும், விண்ணப்பித்து மேன்முறையீட்டில் நிற்பவரும் அதில் இல்லை.

மாவட்டத்துக்குக் கீழே இறங்க விரும்புவோர், பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் வறுமையை மதிப்பிட்டுத் திணைக்களம் வெளியிட்ட வரைபடங்களைத் தேடலாம். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பையும் 2012/13 ஆய்வையும் இணைத்து அவை செய்யப்பட்டன என்பதால் பழையவை என்ற குறிப்போடு எடுத்தாள வேண்டும். பிறகு மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூலைப் பார்த்து, இரண்டும் முரண்படும் பிரிவுகளுக்கு முதலில் நேரில் செல்லுங்கள்.