சப்வர்ஷனிலிருந்து கிட்டுக்கு: டேக்குகள் விலகிப்போகாமல் இருக்க

மொரீசியசின் எபேன் சைபர் சிட்டி அலுவலகங்களில் மென்பொருள் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பழைய சப்வர்ஷன் (Subversion) களஞ்சியங்களை அதே பணிக்கான கிட்டுக்கு (Git) மாற்றிக்கொண்டிருக்கும் நம்மவர்கள், குறிப்பிட்ட ஒரு பதிப்பை அடையாளப்படுத்தும் பெயர்களான டேக்குகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சப்வர்ஷனில் டேக் என்பது ஒரு கோப்புறையின் நகல் மட்டுமே. அதைப் பின்னரும் எவரேனும் மாற்றிவிட முடியும் என்பதால், இந்த மாற்றத்துக்குப் பயன்படும் கிட்-எஸ்விஎன் (git-svn) கருவி அதை உண்மையான டேக்காக அன்றித் தொலைக் கிளையாகவே (மூலக் களஞ்சியத்தின் நிலையைப் பின்தொடர்ந்து நகரும் கிளை) கொண்டுவருகிறது. ஆகவே அத்தகைய ஒவ்வொரு கிளையின் முனையிலும் அதே பெயரில் கிட் டேக் ஒன்றை நீங்களே உருவாக்க வேண்டும். பழைய களஞ்சியம் இன்னும் சில காலம் புழக்கத்தில் இருக்குமானால் அந்தக் கிளைகளை நீக்கிவிடாதீர்கள். சப்வர்ஷனில் டேக் மாறினால் அடுத்த ஃபெட்ச்சில் (சப்வர்ஷனிலிருந்து புதிய மாற்றங்களைப் பெறுவதில்) கிளை நகரும், நீங்கள் உருவாக்கிய டேக்கோ பழைய இடத்திலேயே நிற்கும். எனவே ஒவ்வொரு ஃபெட்ச்சுக்குப் பிறகும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் டேக்கை ஏற்கெனவே உள்ளதை மேலெழுத அனுமதிக்கும் ஃபோர்ஸ் (--force) விருப்பத்துடன் மீண்டும் உருவாக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைப்பது மிகவும் நல்லது.

மாற்றங்களைப் பொதுக் கிட் களஞ்சியத்துக்கு அனுப்பும் சாதாரண புஷ் கட்டளை டேக்குகளை அனுப்பாது. அதற்கு டேக்ஸ் (--tags) விருப்பம் தேவை. மாற்றிய டேக்கை அனுப்பவும் ஃபோர்ஸ் வேண்டும். 2018இல் வெளிவந்த கிட் 2.20 முதல், ஏற்கெனவே உள்ள டேக்கைக் கிட்டின் ஃபெட்ச் கட்டளை தானாக மேலெழுதாது என்பதால், சக பணியாளர்களும் ஃபோர்ஸ் சேர்த்தே ஃபெட்ச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.