வீடியோ கேமைப் படமாக்கும்போது சறுக்கும் இடங்கள்: வடசென்னையில் குறும்படம் எடுப்பவர்களுக்கு

கேம் ஒன்றைப் படமாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதன் கட்சீன்களில்தான் (ஆட்டத்துக்கு நடுவே தானாக ஓடும் கதைக் காட்சிகள்) தொடங்குகிறார்கள். யாரோ மூன்று நான்கு மணி நேரத்துக்கு அவற்றைத் தொகுத்து யூடியூபில் ஏற்றியிருப்பார்கள். அதைப் பார்த்து வசனத்தோடு எழுதினால் திரைக்கதை தயார் என்று தோன்றும். முதல் சறுக்கல் அங்கேயே நடந்துவிடுகிறது. கட்சீன் என்பது ஆடுபவரின் கை ஓய்வெடுக்கும் நேரம். அதற்கு முன் அரை மணி நேரம் தோட்டாவை எண்ணி எண்ணிச் சுட்டு, ஒளிந்து, செத்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து சேர்ந்ததால்தான் அந்த ஒன்றரை நிமிடம் நெஞ்சைப் பிடிக்கிறது. படம் பார்ப்பவருக்கு அந்த அரை மணி நேரம் இல்லை. கட்சீனை மட்டும் அவர் கண்முன் வைத்தால், பந்தி முடிந்த பிறகு வந்தவருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் எதை எடுப்பது? கேமின் விதியை. விதி எப்படிக் கதையாகும் என்று பார்க்கத் தொலைவில் போக வேண்டாம். தண்டையார்பேட்டையிலும் புது வண்ணாரப்பேட்டையிலும் கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: சிவப்புக் காயைக் குழியில் போட்டால் போதாது, அடுத்து தன் காய் ஒன்றையும் போட்டு ஃபாலோ கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சிவப்பு மறுபடி நடுவுக்கே வந்துவிடும். பெறுவது ஒரு வேலை, பெற்றதைத் தக்கவைப்பது இன்னொரு வேலை. ஒப்பந்த வேலை கிடைத்த பையன் மறுநாள் காலைக்குள் ஒரு சான்றிதழைக் கொண்டுவராவிட்டால் வேலை கைமாறும் என்று கதை வைத்தால், அதே விதிதான் அங்கே ஓடுகிறது. கேரம் போர்டு ஃபிரேமுக்குள் வரவே வேண்டியதில்லை.

கேமிலும் இப்படித்தான் தோண்ட வேண்டும். மூன்று முறை ஆடுங்கள். முதல் முறை சும்மா ஆடுங்கள். இரண்டாம் முறை பக்கத்தில் நோட்டு இருக்கட்டும்: கை என்ன செய்கிறது, அதனால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என நான்கு பத்தி போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். மூன்றாம் முறை கேம் பழக்கமே இல்லாத ஒருவரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, திரையை விட்டு அவர் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார், எங்கே முன்னால் சாய்கிறார் என்று குறியுங்கள். நோட்டில் அதிகம் திரும்பி வரும் வினைச்சொல் எது? ஒளிதல், சுமத்தல், பங்கிடுதல் என எதுவாகவும் இருக்கலாம். அதுதான் படத்தின் முதுகெலும்பு. இந்த வேலைக்கு இரண்டு வாரம் போனாலும் நஷ்டமில்லை.

ஒரு பயிற்சி. பேட்டில் ராயல் கேம்களில் 100 பேர் குதிக்கிறார்கள், ஜோன், அதாவது பாதுகாப்பாக நிற்கக்கூடிய பரப்பு, சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசியாக நிற்பவர் ஜெயிக்கிறார். இதைப் படமாக்கச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் பொம்மைத் துப்பாக்கியும் ஹெல்மெட்டும் வாங்கக் கிளம்புவார்கள். விதியைப் பாருங்கள்: நிற்கும் நிலம் குறைகிறது, கூட இருப்பவர் எதிரி ஆகிறார். வடசென்னைக் கடற்கரை இதை நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் கல் கொட்டியதும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்சுவர்கள் கட்டியதும். கரையோரத் தெரு ஒன்றில் நான்கு வீடுகள், பின்வாங்க மூன்று இடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டா இல்லாமல் ஜோன் வந்துவிட்டது.

உயிர்பிழைக்கும் வகைக் கேம்களுக்கும் இது பொருந்தும். அங்கே தோட்டாவையும் மருந்தையும் எண்ணுவோம். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வருமானம் நின்றபின் வீட்டில் எதை எண்ணுவார்கள் என்பதிலிருந்து திரைக்கதை எழுதலாம். கேமில் வருவது போலத் திரையின் மூலையில், மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் உயிர்க்கோடு வரைந்து காட்டுவது இன்னொரு பரவலான தவறு. அந்த வேலையை ஒரு பொருளிடம் ஒப்படையுங்கள். விற்காத மீனோடு ஒருத்தி அலையும்போது பெட்டியில் உருகும் ஐஸை மூன்று முறை காட்டினால் போதும்.

ஆடுபவர் காலி செய்த நாற்காலி

பல கேம் நாயகர்கள் வேண்டுமென்றே காலியாக வைக்கப்பட்டவர்கள், உள்ளே நாம் உட்கார வேண்டும் என்பதற்காக. 2022-இல் வந்த ‘ஹேலோ’ தொடர் முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கேமின் நாயகன் மாஸ்டர் சீஃபின் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டியது. கேம் ஆடியவர்கள் கொதித்தார்கள். இருபது வருடமாக அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தது அவரவர் முகம், அதை எடுத்துவிட்டு ஒரு நடிகரை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் முகமே காட்டாமல் பல மணி நேரம் ஒரு நாடகத்தை நடத்துவதும் கடினம். 2024-இல் வந்த ‘ஃபால்அவுட்’ தொடர் இதைச் சுற்றிக்கொண்டு போனது: எந்தக் கேமின் கதையையும் அப்படியே எடுக்காமல், அதே உலகத்தில் லூசி, மாக்ஸிமஸ், கூல் என்று மூன்று பேரை நட்டது. நல்லது செய்ய நினைப்பவள், கவசத்துக்கும் அதிகாரத்துக்கும் ஆசைப்படுபவன், யாரையும் நம்பாமல் சுடுபவன். அந்தக் கேமை வெவ்வேறு மனநிலையில் ஆடுபவர்களை மூன்று உடம்பாகப் பிரித்தது போல இருக்கிறது. நாயகன் காலியாக இருக்கும் கேமைத் தொட்டால், இந்த வழிதான் எங்கள் பரிந்துரை.

நாயகனுக்கு உள்ளிருந்து ஓர் ஆசை, அதற்குக் குறுக்கே ஓர் அச்சம் இரண்டையும் எழுதாமல் ஷூட்டிங் தேதி குறிக்காதீர்கள்.

கேமராவைக் கேம் போல ஆட்டுவது

2005-இல் வந்த ‘டூம்’ படத்தில் சுமார் 5 நிமிடம் முழுக்க நாயகனின் கண் வழியாகப் போகும். அந்த ஐந்து நிமிடமே பலருக்கு நினைவில் நின்றது, ஆனால் அது படத்தைக் காப்பாற்றவில்லை. காரணம் எளிது. கேமில் பார்வையைத் திருப்புவது நம் கை, எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று மூளைக்கு முன்னதாகவே தெரியும். படத்தில் வேறொருவர் திருப்புகிறார். சிறிது நேரத்தில் தலை சுற்றும், அதைவிட மோசமாக மனம் விலகும். நாயகன் முகம் தெரியாததால் அவன் பயந்தானா என்பதே தெரியாது. தோளுக்குப் பின்னாலேயே தொடரும் கேமராவுக்கும் இதே குறை உண்டு. 20 நிமிடக் குறும்படத்தில் இந்தப் பார்வை மொத்தம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதையும் ஒரு முடிவெடுக்கும் கணத்தில் வைத்து, உடனே முகத்துக்கு வெட்டுங்கள்.

செத்தால் மறுபடி தொடங்கலாம் என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். கேமில் சாவு என்பது கற்றுக்கொள்ளும் முறை. படத்தில் நாயகன் பத்து அடியாட்களை அடித்துவிட்டுச் சட்டை கசங்காமல் நடந்தால், பார்ப்பவருக்கு, செத்தபின் மறுபடி தொடங்கும் இடமான சேவ் பாயின்ட் நினைவு வந்துவிடும், பதற்றம் போய்விடும். மறுமுயற்சியை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை வையுங்கள். முதல் தோல்வியில் பணம், இரண்டாவதில் நண்பன், மூன்றாவதில் திரும்பிப் போகும் வழி. போனது போனதாகவே இருக்க வேண்டும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

எதையும் மாற்றாதே என்பது ரசிகர்களின் கோரிக்கை. அதற்கு முழுதாகத் தலையாட்டுவதும் தவறு, உதறித் தள்ளுவதும் தவறு. 1993-இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வண்ணமயமான துள்ளல் கேமை எடுத்து இருண்ட நகரமும் டைனோசர் வம்சமுமாக மாற்றியது. மாரியோவின் சுபாவமே போனது, படமும் தோற்றது. 2023-இன் அனிமேஷன் படம் அந்தத் துள்ளலை அப்படியே வைத்துக்கொண்டு உலக அளவில் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ‘டூம்’ கேமில் அரக்கர்கள் நரகத்திலிருந்து வருவார்கள், படம் நரகத்தை நீக்கிவிட்டு மரபணுச் சோதனை என்றது. 2021-இன் ‘மார்ட்டல் காம்பாட்’ சண்டைப் போட்டியைப் பற்றியது, ஆனால் அந்தப் போட்டி படத்தில் நடக்கவே இல்லை.

மாற்றியும் ஜெயித்ததற்கு ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இருக்கிறது. 2013 கேமில் மனிதர்களைத் தொற்றும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவும், வாயுமுகமூடி போட வேண்டும். 2023 தொடரின் முதல் பருவம் அதை விட்டுவிட்டுப் பூஞ்சை இழைகள் வழியாகப் பரவுவதாக வைத்தது, நடிகர்களின் முகம் மறையாமல் தப்பியது. கேமில் பில் என்பவரின் கூட்டாளி ஃபிராங்க், நாம் போகும்போதே இறந்துகிடப்பார். தொடர் மூன்றாம் அத்தியாயத்தின் பெரும்பகுதியை அவர்கள் இருவர் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கைக்கே கொடுத்தது. ஒருவரைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போவாய் என்ற கேள்வி கேமிலும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. அதனால் மாற்றம் ஒட்டிக்கொண்டது.

தோற்றத்தைப் பற்றி ஒரு வரி: 2019-இல் ‘சோனிக்’ முதல் டிரெய்லரைப் பார்த்து ரசிகர்கள் எதிர்த்ததும் உருவத்தைத் திருத்தி, நவம்பர் வெளியீட்டை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். நம்மிடம் அவ்வளவு பணமும் அவகாசமும் இருக்காது. உடையையும் ஒப்பனையையும் போனில் எடுத்து, அந்தக் கேம் ஆடும் பத்துப் பேரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

வடசென்னையை மேலே பூசுவது

இதுதான் எங்களை அதிகம் வருத்தும் தவறு. கேங்ஸ்டர் கேம் ஒன்றை எடுத்து, வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ வைத்து, எல்லாருக்கும் அரிவாளும் ஒரே மாதிரி ‘இன்னா’வும் கொடுத்துவிட்டால் மண்ணோடு ஒட்டிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்போது ஊர் ஒரு லெவலாகவும் மக்கள் சுடப்படும் பொம்மைகளாகவும் ஆகிவிடுகிறார்கள். கேமில் தெருவில் போகிறவருக்குப் பெயர் தேவையில்லை, படத்தில் தேவை. ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள், ஏலம் கேட்கும் அம்மாக்கள், விடியற்காலை ஷிஃப்டுக்கு எண்ணூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. பின்னணியில் வரும் ஒவ்வொருவரும் அன்று எங்கிருந்து எங்கே போகிறார் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடிக்க வைக்கும்போது வித்தியாசம் தெரியும்.

உரிமை

ஃபேன் ஃபிலிம், காசு பார்க்கவில்லை என்பதெல்லாம் முழுப் பாதுகாப்பு ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. கேமின் கதை, ஓவியம், இசை ஆகியவற்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. வெறும் எண்ணத்துக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. சுருங்கும் நிலம் என்ற எண்ணத்தை யாரும் கையாளலாம். கதாபாத்திரத்தின் பெயர், உருவம், பின்னணி இசை வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், வாய்மொழி போதாது. அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.