தண்ணீர் பாய்ச்சாத சரளைத் தோட்டம்: பெத் சாட்டோவின் முறை

இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில், மழை குறைந்த ஓரிடத்தில், வாகன நிறுத்துமிடமாகக் கிடந்த சரளை நிலத்தைத் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ (1923–2018) 1990களின் தொடக்கத்தில் தோட்டமாக்கினார். அவரைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் இறுகிய மண்ணை ஆழமாகக் கிளறி, மட்கிய உரத்தைத் தாராளமாகக் கலக்க வேண்டும். பாத்திகளின் வளைவுகளை, அவர் செய்ததைப் போலவே, தரையில் தண்ணீர்க் குழாய்களைக் கிடத்தி, வறண்ட ஆற்றுப்படுகையின் போக்கில் வரைந்துகொள்ளலாம்.

செடித் தேர்வில்தான் மிகுந்த கவனம் வேண்டும். செடிகளின் இயற்கை வாழிடங்களை அவருடைய கணவர் ஆண்ட்ரூ பல ஆண்டுகள் ஆராய்ந்திருந்ததால், லாவெண்டர், சிஸ்டஸ், யூஃபோர்பியா போன்ற வறட்சி தாங்கும் இனங்களைப் பெத் சாட்டோவால் தெளிவோடு தேர்ந்தெடுக்க முடிந்தது. வேர்க்கட்டியை (வேர்களும் அவற்றைச் சூழ்ந்த மண்ணும்) நீரில் நன்கு ஊறவைத்து நட்டு, சரளைக்கல்லை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் தங்கும், களையும் குறையும். வேரூன்றிய பின் கோடையிலும் நீர் பாய்ச்ச வேண்டாம். வாடி மடியும் இனத்தை நீக்கி வேறொன்றை நடுங்கள்.